ஏரி எல்லி?

பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மூங்கில் புதருக்குள் இறங்கியது, இன்னொன்று மேட்டில் ஏறியது. உதயகுமார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னால் வந்த பெண்ணும் அவள் அப்பாவும் அவனையே பார்த்தார்கள்.

"என்ன தம்பி, எந்தப் பக்கம்?" என்றார் அப்பா.

தரகர் செல்லக்கண்ணு இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு அவனை வரவழைத்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "மைசூர்க்காரங்க நாகரிகமானவங்க தம்பி. பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் கிடையாது. ஞாயித்துக்கிழமை காலையில விஜயநகர்லேருந்து காட்டு கேட்டுக்கு வந்துருவாங்க. ஏரி வரைக்கும் போயி ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, குழந்தைகூட நடக்கிற பாதை. பேசிப் பாருங்க. ஒரே ஒரு கண்டிஷன், மாப்பிள்ளைக்குக் கன்னடம் தெரிஞ்சிருக்கணுமாம். நீங்க வெளுத்து வாங்குவீங்கன்னு சொல்லிட்டேன்."

உதயகுமார் நாமக்கல்லிலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவனுடைய கன்னடம் ஒரு மசால் தோசைக்கும் ஒரு பஸ் டிக்கெட்டுக்கும் காணும், அதற்கு மேல் தாங்காது. ஆனால் வயது முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் பெண் தேடுவதாக இல்லை என்று வீட்டில் கையை விரித்துவிட்டார்கள். இதுவரை ஜாதகம்தான் கைமாறியிருந்தது. போட்டோகூட இல்லை.

கேட்டில் எல்லாம் சுமுகமாகத்தான் தொடங்கியது.

"விஜயநகர்லேருந்தா சார்?"

"ஆமா, நீங்கதானா அது? உங்களுக்காகத்தான் நிக்கிறோம். நான் சுப்பையா, இது என் பொண்ணு. நீங்க முன்னால நடங்க. எங்களுக்குக் கன்னடம் சுத்தமா வராது, யார்கிட்டயாவது பேசணும்னா நீங்களே பேசிடுங்க."

சோதிக்கிறார் என்பது உதயகுமாருக்கு உடனே விளங்கிவிட்டது.

இப்போது சோதனை வந்தேவிட்டது. மேட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், தன் கன்னடம் முழுவதையும் திரட்டி, "ஏரி எல்லி?" என்று கேட்டான்.

எல்லி என்றால் எங்கே. அதுவரை சரிதான். ஆனால் கன்னடத்தில் 'ஏரி' என்றால் 'ஏறுங்கள்'. நம்முடைய ஏரிக்கு அங்கே கெரெ என்று பேர். 'எங்கே ஏறுவது' என்று கேட்கிற மனிதனுக்கு அவள் வேறென்ன சொல்வாள்? மேட்டைக் காட்டி, "ஏரி, ஏரி" என்றாள்.

"மேலதான் சார் ஏரி!" என்றான் உதயகுமார், பரீட்சையில் பாஸான முகத்தோடு.

மேடு செங்குத்தாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் சுப்பையாவுக்கு மூச்சு வாங்கியது. பெண்ணின் செருப்பு அறுந்தது.

"என்னங்க," என்றாள் அவள், "இன்னும் ரொம்ப தூரமா?"

அந்த 'என்னங்க'வில் உதயகுமார் உருகிப்போனான். அவளுடைய பை, பிளாஸ்க், கேமரா, சுப்பையாவின் குடை எல்லாவற்றையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அறுந்த செருப்பையும் அவனே எடுத்துக்கொண்டான்.

"இதுல உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம் தம்பி?" என்றார் சுப்பையா.

"ஐயையோ, இதுதான் சார் முதல் தடவை!"

சுப்பையா நின்றுவிட்டார். "முதல் தடவையா?"

"சத்தியமா சார். இதுவரைக்கும் யார்கூடவும் போனதில்ல. வேணும்னா என் ஆபீஸ்ல விசாரிச்சுப் பாருங்க."

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் ஒழுக்கம் அவர்களை அசத்திவிட்டது என்று உதயகுமார் நினைத்தான்.

எதிரே விறகுக் கட்டோடு ஒரு கிழவர் வந்தார். "ஏரி?" என்று கேட்டான். அவர் அவன் தோள்சுமையை இரக்கத்தோடு பார்த்து, "இன்னூ ஏரி" என்று உச்சியைக் காட்டினார். ஏறினார்கள். சுப்பையா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"போன தடவை இப்படித்தான் ஒருத்தரை நம்பினோம். பாதியிலேயே பாப்பாவை விட்டுட்டுப் போயிட்டாரு."

உதயகுமாருக்குப் பகீரென்றது. செல்லக்கண்ணு இதைச் சொல்லவே இல்லையே! அந்தப் பெண்ணைப் பார்த்தான். வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. பாவம் மட்டும் இல்லை, பிடித்தும் இருந்தது. யார் என்ன சொன்னாலும் சரி, இவள்தான் என்று முடிவு செய்துவிட்டான்.

"பழசையெல்லாம் விடுங்க சார். நான் கடைசி வரைக்கும் கைவிட மாட்டேன்."

"அது போதும் தம்பி," என்றார் சுப்பையா, கண் கலங்க.

உச்சியில் தேன் எடுக்கிறவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். "ஏரி?" என்றதும் சிரித்து, "ஏரி ஆய்த்து. இன்னு இளீரி" என்றான். ஏறி ஆயிற்று, இனிமேல் இறங்குங்கள் என்று அர்த்தம். உதயகுமாருக்கு 'ஆய்த்து' மட்டும் புரிந்தது. மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்தால் தினமும் அதைத்தான் சொல்வார்கள்.

"சார், ஏரி வத்திப் போச்சாம்."

மூவரும் மறுபக்கம் இறங்கினார்கள். இரண்டு திருப்பம் தாண்டியதும் எதிரே கரை தளும்ப ஏரி கிடந்தது.

"வத்திப் போச்சுன்னீங்க?"

"மழை பேஞ்சிருக்கும் சார்."

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு கேமராவை வாங்கி அவனையே ஒரு படம் எடுத்தாள். முறுக்கும் கொடுத்தாள். உதயகுமார் மனத்துக்குள் தாலியே கட்டிவிட்டான்.

பாதை வளைந்து, கிளம்பிய கேட்டிலேயே கொண்டுவந்து விட்டது. சுமைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சார், உங்க முடிவு என்னன்னு தெரிஞ்சா ஊருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருவேன்."

"எங்களுக்குத் திருப்திதான் தம்பி. வழி கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் மனுஷன் தங்கம். விஜயநகர்ல தங்கச்சி வீட்டுல இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு மெட்ராஸ் போனதும் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் உங்களையே சிபாரிசு பண்றேன்."

"எல்லாருக்குமா?" என்றான் உதயகுமார்.

அப்போது காக்கிச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து, சுப்பையாவுக்குக் கும்பிடு போட்டான்.

"மன்னிச்சுக்கோங்க சார், நீங்க வரச்சொன்ன கைடு கெம்பையன் நான்தானுங்க, சைக்கிள் பஞ்சராகி லேட்டாயிப்போச்சு, வந்து பார்த்தா விஜயநகர்லேருந்து ஒரு குடும்பம் நிக்குது, நீங்கதானாக்கும்னு ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டனுங்க, அவங்க என்னடான்னா கன்னடம் சுத்தமாப் பேசறீங்க, பொண்ணுக்கும் புடிச்சுப்போச்சு, வர்ற தையிலயே வெச்சுக்கலாம்னு கையைப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க, எதைங்க வெச்சுக்கறது?"