மாப்பிள்ளையைத் தலைவராக்கிய உர மூட்டை

சிம்தெங்கோ கிராமம்,
டோவா மாவட்டம்.

தலைநகர் லிலோங்வேயில் அரசாங்க நாற்காலியில் அமர்ந்து நாட்டு விவசாயத்தைக் கவனித்துக்கொள்ளும் என் அக்காள் மகன், அன்பு மருமகன் லிம்பிகானிக்கு, உன் தாய்மாமன் ஜைலோசி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை எனெலேசியும் உடம்பளவில் நலம். மழை நலம். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்து நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் நாற்காலியும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இதைத் தபாலில் போடாமல் மினிபஸ் நடத்துநரிடம் கொடுத்தனுப்புகிறேன். தபால்காரர் என் மச்சானோடு சேர்ந்து சர்ச்சில் பாடுகிறவர். போனில் சொல்லலாமே என்பாய். இங்கே போனுக்குச் சார்ஜ் போடும் கடை மச்சானின் சொந்தக்காரப் பையனுடையது. சார்ஜ் ஏறும் நேரத்தில் அவன் அதற்குள் என்னென்ன கேட்கிறானோ, யார் கண்டது.

விஷயம் இதுதான். என்னை இந்த ஊரைவிட்டு அனுப்பப் பார்க்கிறார்கள். அதற்குக் காரணம் உன் அலுவலகம். நீயும் அதில் உண்டா இல்லையா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை, அதனால் உன்மேல் பாதிக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மழைக்கு முன்னால் கலுவா என்ற விவசாய அலுவலர் மோட்டார் சைக்கிளில், விரல் ரேகை பிடிக்கும் ஒரு பெட்டியோடு வந்தார். மானிய உரம் இனிமேல் குடும்பத் தலைவர் பெயரில்தானாம். "இந்த வீட்டுக்குத் தலைவர் யாருங்க?" என்றார். எனெலேசி யோசிக்காமல் தன் அண்ணன் சிம்தெங்கோவைக் காட்டினாள். அதில் தப்பில்லை. அவர்தான் ஊர்த் தலைவர், ஊருக்கும் அவர் பெயர்தான், நிலம் அவர்கள் அம்மா வழி நிலம், நான் கல்யாணம் கட்டி இங்கே வந்தவன். கொத்துவது என் வேலை, முடிவு சொல்வது அவர் வேலை. நம் ஊரில் உன் அம்மா நிலத்துக்கு நான் முடிவு சொல்லவில்லையா? உன் அப்பா என்றைக்காவது வாயைத் திறந்ததுண்டா? ஆனால் கலுவா தலையை ஆட்டிவிட்டார்.

"அண்ணன் இல்லம்மா. புருஷன் யாரு?"

"புருஷன் இதோ நிக்கிறாரு. அவரை எதுக்குக் கேக்கறீங்க?"

"கொள்கைப்படி அவருதாம்மா தலைவர்."

"அப்படின்னு யார் சொன்னது?"

"லிலோங்வே."

மச்சான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். "அப்ப நான் யாரு தம்பி?" என்று கேட்டார். கலுவா தன் பெட்டியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அண்ணனுக்கு இதுல இடமே வைக்கலீங்க" என்றார். சொல்லிக்கொண்டே என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திவிட்டார். நான் கேட்கவில்லை, மருமகனே. பேரப்பிள்ளை எடுத்த வயதில், ஊர் பார்க்க, பிடித்து அமுக்கித் தலைவராக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து மச்சான் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன தலைவரே, கோழியை அடைச்சாச்சா?" என்கிறார். மரியாதையாகத்தான் கேட்கிறார். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிபடவில்லை.

முன்பெல்லாம் உரம் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். யார் பெயருக்கு வந்தாலும் மச்சான் முற்றத்தில் மூட்டையைப் பிரிப்பார், வீட்டுக்கு இத்தனை தட்டு என்று அளந்து கொடுப்பார், எல்லோரும் ஏழைதான் என்று கதை முடிந்துவிடும். இந்த வருஷம் பங்கு போட்டால் அடுத்த வருஷம் கிடையாது என்று கலுவா சொல்லிப்போனார். சரி, மச்சான் கேட்டால் கொடுத்துவிடலாம் என்று மூட்டையை வாசலிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனிதர் கேட்கவில்லை. மூட்டையைத் தாண்டிப் போனார், தாண்டி வந்தார், மழை வருமா என்று பேசினார். கேட்டுச் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கேட்காத மனிதன் மனதில் என்ன வைத்திருக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அந்த வாரம் முழுக்கத் தூங்காமல் கிடந்தேன்.

இதற்கு நடுவில் தேர்தல். தொகுதிக்கு நிற்கிறவர் லாரியில் வந்து, உரம் தன் கையால் வந்தது என்றார். கட்சித் துணி உடுத்திய பெண்கள் குலவை போட்டார்கள். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "குடும்பத் தலைவர்கள்தான் இந்த நாட்டுக்கு முதுகெலும்பு" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் மறுநாள் வந்து, தாங்கள் ஜெயித்தால் தலைவருக்கு இன்னொரு மூட்டை சேர்த்துத் தருவோம் என்றார். எனெலேசி என் காதில், "உங்களை ரெண்டு பேரும் கட்டிப்பிடிக்கிறாங்களே, நீங்க யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள். என் பெண்டாட்டியே என்னைச் சந்தேகப்படுகிறாள் பார். நான் அவளைச் சந்தேகப்படுவது வேறு விஷயம், அதற்குக் காரணம் இருக்கிறது.

என்ன காரணம் என்றால், ஒரு நாள் காலையில் அவளும் அவள் அண்ணனும் நான் கொத்தும் நிலத்தில் கயிறு போட்டு அளந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசினார்கள். என்னைக் கழித்துவிட்டு நிலத்தைப் பிரிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அந்த நேரம் பார்த்துக் கலுவா கன்றுகளோடு வந்து நின்றார். ஒவ்வொரு தலைவரும் மரம் நட வேண்டும், நடாவிட்டால் பயிருக்கு மேலுரமாகப் போடும் இரண்டாவது மூட்டை வராது, அதுவும் கொள்கையாம். பெண்டாட்டி ஊர் நிலத்தில் மரம் நட்ட மாப்பிள்ளையை நீ எங்கேயாவது பார்த்ததுண்டா? சோளம் நடுகிறவனை உழைக்கிறான் என்பார்கள், மரம் நடுகிறவனை நிலத்தைப் பிடிக்கிறான் என்பார்கள். எனக்கு இது தெரியாதா? ஓரத்தில், ஓடைக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் நட்டிருக்கலாம். அந்தக் கயிறு கண்ணுக்குள் நின்றதால் கோபத்தில் நட்டநடு நிலத்தில் நட்டுவிட்டேன். தண்ணீரும் ஊற்றினேன்.

மாலைக்குள் ஊர் கூடிவிட்டது. "யாரைக் கேட்டு நட்டே?" என்றார் மச்சான். 'தலைவரே' போய்விட்டது, கவனி.

"கலுவா சொன்னாரு."

"இது கலுவாவோட அம்மா நிலமா?"

எனெலேசி அங்கேதான் நின்றாள், எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அது வலித்தது, மருமகனே. இத்தனை வருஷம் அவள் நிலத்தைக் கொத்திக் கொத்தி என் முதுகு வளைந்திருக்கிறது. கட்டிய பாயைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவேன்? நம் ஊரில் என் வயதுக்காரர் பாதிப் பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், என்னை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று பஞ்சாயத்து. கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் பொறுப்பு நின்ற மாமன்மார் வர வேண்டும். என் பக்கம் நின்றவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்தப் பொறுப்பு முறைப்படி உனக்கு. ஆகவே சனிக்கிழமையே புறப்பட்டு வா. வரும்போது, ஜைலோசி குடும்பத் தலைவர் அல்ல, ஒருபோதும் இருந்ததில்லை, மச்சான்தான் எல்லாம் என்று உன் அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கி வா. கொள்கை எழுதியவர்களில் ஒருவரையாவது கூட்டிவந்தால் நல்லது. அவருக்கு எத்தனை அக்காள் தங்கை, அவர்கள் நிலம் யார் சொல்லில் நடக்கிறது என்று மச்சான் கேட்பார், அவர் பதில் சொல்லட்டும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மாமனுடைய ஆசி. உன் வீட்டில் சட்டியும் அடுப்பும் ஓயாமல் இருக்கட்டும். உன் மேலதிகாரி உன்மேல் பிரியமாக இருக்கட்டும், ரொம்பப் பிரியம் என்றால் ஏன் என்று விசாரித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமன்,
ஜைலோசி

பி.கு: வராதே. முத்திரையும் வேண்டாம், யாரிடமும் வாயைத் திறக்காதே. மினிபஸ் வருமுன் மச்சான் வந்துவிட்டுப் போனார். கயிறு போட்டது ஆட்டுப்பட்டிக்காம். இரண்டாவது மூட்டைக்கும் அதே கட்டைவிரல்தான் வேண்டும் என்று கலுவா சொல்லிவிட்டாராம், மாப்பிள்ளையை அனுப்பினால் உரமும் அவனோடு போய்விடும் என்று ஊரே பயந்து பஞ்சாயத்தை அறுவடைக்குப் பிறகு என்று தள்ளிவைத்துவிட்டது. கன்றுகளைப் பிடுங்கி ஓடையோரம் நட மச்சானே கூட வந்து குழி தோண்டினார். எனக்கு மனது ஆறவில்லை. வீட்டுக்கு வந்து எனெலேசியிடம், "அப்ப இந்த உரத்துக்காகத்தான் என்னை வெச்சிருக்கீங்களா?" என்று நேராகவே கேட்டேன். அவள் முறத்தில் புடைப்பதை நிறுத்தவில்லை. "உரமே வராத வருஷமெல்லாம் நீங்க இங்கதானே இருந்தீங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.