அணிபவரிடம் கண்டறியப்பட்ட குறை

உலகில் நேரத்தை உண்மையாக மதிப்பவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம்.

வங்கிகளின், விமான நிலையங்களின் கணினிகளுக்குச் சரியான நேரத்தை அனுப்புவது எங்கள் வேலை. ஒரு நொடியைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டு, அதில் நாலு கூறு பிசகினாலும் மன்னிப்புக் கடிதம் எழுதுவோம். கையில் கட்டுவது மட்டும், நாளொன்றுக்குப் பன்னிரண்டு நொடி பின்தங்கும் மெக்கானிக்கல் வாட்ச். இதில் முரண்பாடு காண்பவர்களுக்கு ரசனை போதாது.

இப்படி வாட்ச் கட்டும் நாங்கள் ஏழு பேரும் சேர்ந்ததுதான் 'பல்சக்கர மன்றம்'. அதன் தலைவரின் வீட்டில் சாவி என்ற பொருளே கிடையாது. போனைக் காட்டினால் கதவு திறக்கும். சொன்னால் திரைச்சீலை விலகும். முட்டை தீர்ந்தால் ஃப்ரிட்ஜ் அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். அப்படிப்பட்டவர் மணிக்கட்டில் மட்டும் மின்சாரம் அண்ட விடமாட்டார்.

"பேட்டரி வாட்ச்ல வெறும் நேரம்தான் இருக்கும். இதுல 'ஆன்மா' இருக்கு" என்பார். மணி என்ன என்று யாராவது கேட்டால் போனை எடுத்துப் பார்ப்பார்.

நான் மன்றத்தில் சேர்ந்தது தகுதியால் அல்ல. என் மனைவி வாங்கித் தந்த வாட்ச் தற்செயலாக அந்த இனம். கை அசைந்தால் உள்ளே ஒரு எடை சுழன்று விசை ஏறும். அசையாவிட்டால் இரண்டு நாளில் நின்றுவிடும். திருகி முடுக்கவும் வழியில்லாத மலிவு ரகம். அவளுக்கு ஆன்மாவில் அக்கறை இல்லை. நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்பதுதான் அவள் புகார்.

"நீ நடந்தாத்தான் இது ஓடும். ஏமாத்த முடியாது" என்றாள்.

தினமும் மாலையில் அவள் என் அலுவலக வாசலுக்கு வந்துவிடுவாள். சலவைக்கடை, பஸ் டிப்போ, பாலம் என்று இருவரும் ஒரு சுற்று நடப்போம். வீடு திரும்பியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக் காதில் வைத்துக்கொள்வாள். "ம், உயிரோடதான் இருக்கே" என்பாள்.

ஏழு மாதம் நடந்தோம். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் அவள் இல்லை.

மன்றம் உடனடியாகச் செயல்பட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஆறு கைகூப்பும் படங்கள், நாற்பது நொடிக்குள். எங்கள் சர்வர்கள்கூட இப்படியோர் ஒத்திசைவைக் காட்டியதில்லை.

ஐந்தாம் வாரம், என் கையில் இருந்தபோதே வாட்ச் நின்றது. மன்றம் அவசரமாகக் கூடியது. பெரிய மீட்டிங் அறை, புரொஜெக்டர், திரையில் என் வாட்ச்சின் வயிறு.

"எப்போ நின்னுது?" என்றார் தலைவர்.

"தெரியல தலைவரே. நான் பாக்கல."

அறையில் அதிர்ச்சி பரவியது.

மன்றத்தின் உறுப்பினரான டெஸ்டிங் பிரிவு அக்கா நோட்டைத் திறந்தார். "தம்பி, ஆபீஸ் விட்டு எங்க போவே?"

"வீட்டுக்கு."

"அங்க?"

"உக்காந்திருப்பேன்."

"தூங்கும்போதாவது புரண்டு படுப்பியா?"

"தூக்கம் இல்லக்கா."

'புரள்வதில்லை' என்று குறித்துக்கொண்டார். தகவல் சேகரிப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனது. மூன்றாம் நாள் ரிப்பேர்க்காரர் ஸ்பீக்கர் போனில் மன்றத்துக்கு அறிக்கை தந்தார்.

"வாட்ச்ல ஒண்ணுமில்ல சார். ரெண்டு நாளா என் கையிலதான் கட்டியிருக்கேன், ஜம்முனு ஓடுது. கட்டியிருந்தவருக்கு என்ன சார் ஆச்சு? படுத்த படுக்கையா?"

"சேச்சே, அவருக்கு ஒண்ணுமில்ல. இங்கதான் உக்காந்திருக்கார். வாட்ச்சுக்கு உள்ள துரு கிரு ஏதாவது?" என்றார் தலைவர்.

"இல்ல சார்."

"அப்பாடா."

அன்றே தீர்மானம் நிறைவேறியது. கூட்டக் குறிப்பில் உள்ளபடி தருகிறேன்: 'குறை அணிபவரிடம் கண்டறியப்பட்டது. கடிகாரத்தின் நலன் கருதி, அது அணிபவரிடமிருந்து அப்புறப்படுத்தப்படுகிறது.' ஆதரவு ஆறு. நான் கை தூக்கவில்லை. அதையும் அசைவின்மைக்குச் சான்றாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வாட்ச் தலைவர் மேஜையிலிருந்த சுழல்பெட்டிக்குள் போனது. பெட்டி நாளெல்லாம் அதை மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரியே வேண்டாத வாட்ச்சை, சுவர் மின்சாரத்தில், வைஃபை உதவியோடு ஓடவைக்கும் அரிய சாதனம் அது. தினமும் காலையில் என் போனுக்குச் செய்தி வரும்: 'உங்கள் கடிகாரம் நலம். நேற்று 650 சுற்றுகள்.'

பக்கத்திலேயே காபி மெஷின். நான் தினமும் காபி எடுக்கப் போய், கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வருவேன். என் மணிக்கட்டில் வெளுத்த வட்டம் ஒன்று மிச்சமிருந்தது. அவள் பிடிக்கிற இடம்.

பத்தாம் நாள் கேட்டேன். "தலைவரே, எனக்கு வாட்ச் வேணும்."

"எதுக்கு? நேரம் பாக்கவா? அதான் போன் இருக்கே."

"அவ வாங்கிக் குடுத்தது."

"அதனாலதாம்ப்பா சொல்றேன். உங்கிட்ட இருந்தா நின்னுடும்."

அவர் சொன்னதில் தவறில்லை.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெட்டியைத் திறந்து வாட்ச்சை எடுத்துக் கட்டிக்கொண்டேன். மூன்று மாடியும் படியில் இறங்கினேன். சலவைக்கடை தாண்டினேன். பஸ் டிப்போ தாண்டினேன். மூச்சு வாங்கியது. பாலத்தின் மேல் நின்று மணிக்கட்டைக் காதில் வைத்தபோது போன் அடித்தது.

தலைவர்.

"பெட்டி காலின்னு எனக்கு அலர்ட் வந்திருக்கு! எங்கே இருக்கே நீ?"

"பாலத்து மேல."

"பாலத்து மேலயா? வாட்ச்?"

"கையில இருக்கு."

"கைப்பிடிச் சுவர்ல எங்கயும் இடிச்சிடாதே. ஓடுதா?"

"ஓடுது."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்பாடா. ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சுப்பா" என்று வைத்துவிட்டார்.

முப்பத்தெட்டு நொடி பேசியிருக்கிறார். நேரத்தின் அருமை தெரிந்தவர். அவள் போன பிறகு மன்றத்திலிருந்து எனக்கு வந்த முதல் போன் அதுதான்.