அருவித் தண்ணீரில் கழுவிய கத்தி

அலங்காரச் செடிகளைக் காப்பாற்றவே முனைவர் நமசிவாயம் பிறவி எடுத்தார் என்பது தென்காசி வட்டாரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. முதலில் ஒப்புக்கொண்டவர் அவரேதான்.

குற்றாலச் சாலையில் நர்சரி வைத்திருந்தாள் சைதூன் பீவி. சாரல் சீசனில் விற்பதுதான் அவளுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. இந்த முறை புது ரிசார்ட் ஒன்று அவளுடைய அக்லோனிமா செடிகள் அத்தனையும் கேட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு தொட்டியில் மட்டும் தண்டு கொழகொழவென்று அழுகி, கருவாட்டுப் பானையாக நாறியது. உடனே முனைவருக்குப் போன் போட்டாள்.

முனைவர் எழுந்தருளினார்.

"இது பாக்டீரியா. எந்த பாக்டீரியாங்கிறதுதான் கேள்வி."

"நாறுதுல்லா சார், தொட்டியோட தூக்கிப் போட்டுருதேன்."

"ஆதாரத்தை அழிக்கக் கூடாதும்மா. எதிரி பேரு தெரியாம எதிர்க்கவும் கூடாது."

அறிவியல் தொடங்கியது. அழுகிய தண்டில் கத்தியை இறக்கினார். பிறகு ‘ஒப்பீட்டுக்காக’ நல்ல செடிகளிலும் வரிசையாக ஒவ்வொரு துண்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் பின் கத்தியை ஒரு வாளித் தண்ணீரில் பயபக்தியோடு முக்கி எடுத்தார்.

"அது என்ன தண்ணி சார்?"

"ஐந்தருவித் தண்ணி. விடியக்காலையில நானே பிடிச்சது. எத்தனை மூலிகையத் தொட்டுட்டு வருது. இதுல குளிச்சா பைத்தியமே தெளியுதுங்காங்க, பாக்டீரியா எம்மாத்திரம்?"

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. தலைவலி என்றால் அருவிக்கு ஓடுகிறவள்தானே அவளும். மிச்சத் தண்ணீரை வீணாக்க மனமில்லாத முனைவர், அதை எல்லாத் தொட்டிகளுக்கும் தீர்த்தமாகத் தெளித்துவிட்டு விடைபெற்றார்.

ஒரு வாரத்தில் நர்சரியே கொழகொழத்துச் சாய்ந்தது. ரிசார்ட்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள். காலித் தொட்டிகளுக்கு நடுவே அவள் அழுதுகொண்டிருந்தபோது முனைவர் ஒரு கையில் லட்டு டப்பாவும் மறு கையில் அதே வாளியுமாக வந்தார்.

"கண்டுபிடிச்சாச்சும்மா. பேரு பெக்டோபாக்டீரியம். வெட்டுக் காயம் வழியா நுழையும். அழுகின செடிய வெட்டின கத்தியும், அதைக் கழுவின தண்ணியும்தான் மத்த செடிக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும்."

சைதூன் பீவி அவருடைய சட்டைப்பையில் இருந்த கத்தியைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த வாளியைப் பார்த்தாள்.

"அடுத்த கட்ட ஆய்வுக்கு நல்ல செடி ஒண்ணு வேணும்மா" என்றார் அவர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவரை வாசலுக்கு வெளியே நகர்த்தி கேட்டைச் சாத்தினாள்.

"எதிரி பேரு தெரியாம எதிர்க்கக் கூடாதுன்னு சொன்னியள்லா சார். இப்பத்தான் பேரு தெரிஞ்சுது. நமசிவாயம்."