ஹெட்மாஸ்டர் போட்ட பிறந்தநாள்

எங்கள் தலைமுறையில் பலருக்குப் பிறந்தநாள் இரண்டு. அம்மா பெற்ற நாள் ஒன்று, பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் எழுதிய நாள் ஒன்று. நான் பிறந்தது நவம்பரில். வயது போதவில்லை என்று அவர் அதை ஜூன் ஒன்றாக்கிவிட்டார். என் பாஸ்போர்ட், லைசென்ஸ் எல்லாம் அவர் சொல்படிதான் நடந்தன. நான்தான் மறந்துவிட்டேன்.

தொண்ணூற்றொன்பதில் குபெர்டினோவில் இருந்தோம். மகள் நித்யாவுக்குப் பதினாறு. கலிபோர்னியாவில் அப்போது வந்திருந்த புதுச் சட்டம் பிள்ளைகளுக்கு லைசென்சைத் தவணை முறையில்தான் கொடுத்தது. முதலில் பெர்மிட். லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஐம்பது மணி நேரம் பழக்க வேண்டும். டெஸ்டில் தேறினாலும், ஆரம்ப மாதங்களில் நண்பர்களைத் தனியாக ஏற்றக்கூடாது, நள்ளிரவுக்குப் பின் ஓட்டக்கூடாது. இதையெல்லாம் ஒவ்வொரு சிக்னலிலும் அவளுக்கு ஒப்பித்தேன். ஐம்பது மணி நேரத்தையும் நிமிடக் கணக்கில் எண்ணினேன் (சிவப்பு விளக்கில் நின்ற நேரத்தைக் கழித்துவிட்டுத்தான்).

"ரூல்ஸ் தெரியாதவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதும்மா."

"யூ செட் தட் ஆல்ரெடி, அப்பா."

ஜூலையில் டெஸ்ட். தேறினால் திங்கட்கிழமை முதல் நூலகத்தில் அவளுக்குக் கோடை வேலை. பஸ் கிடையாது, கார்தான் வழி.

லைசென்ஸ் ஆபீஸ் கவுன்டரில் இருந்த பெண்மணி, கூட வந்தவரின் லைசென்சைக் கேட்டார். பெருமையாக நீட்டினேன்.

"சார், இது ஜூன் ஒன்றோடு முடிந்துவிட்டதே."

லைசென்ஸ் பிறந்தநாளோடு முடியும் என்பது எனக்கும் தெரியும். நவம்பருக்காகத்தான் காத்திருந்தேன். புதுப்பிக்கச் சொல்லும் கடிதமோ பழைய வீட்டுக்குப் போயிருந்தது (வீடு மாறியதை நான் தெரிவிக்கவில்லை).

"அது என் பிறந்தநாளே இல்லை!" என்று கத்தினேன். அரசு அலுவலகத்தில், அரசு கொடுத்த அட்டையைக் காட்டி!

"பிறகு யாருடையது?"

"எங்கள் ஹெட்மாஸ்டர் போட்டது."

"அவருக்கு லைசென்ஸ் இருந்தால் அவரை வரச் சொல்லுங்கள்."

"அப்பா, ப்ளீஸ், ஸ்டாப் டாக்கிங்," என்றாள் நித்யா.

டெஸ்ட் ரத்து. இனி காரை அவளும் தனியாக ஓட்ட முடியாது, நானும் ஓட்ட முடியாது. நித்யா வீட்டுக்குப் போன் செய்துவிட்டு வர, வெயிலில் நின்றோம். பக்கத்து வீட்டுக்காரர் காரில் என் மனைவி சரோஜா வந்து இறங்கினாள். அவள் ஓட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்பவன் நான்.

"சாவியைக் குடுங்க. நித்யா, நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்கார்றேன். நீங்க பின்னாடி."

வழியில் பழக்கதோஷத்தில், "சிக்னல்ல பாத்து..." என்று ஆரம்பித்தேன்.

இருவரும் ஒரே குரலில்: "லைசென்ஸ் இருக்கா?"

அடுத்த டெஸ்டுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அம்மாவோடு போய்த் தேறினாள். அதற்குள் அந்த வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அந்தக் கோடை முழுவதும் என்னிடம் அவள் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணினேன்.

இங்கே எழுபது வயதானால் புதுப்பிக்க நேரில்தான் போக வேண்டும். ஹெட்மாஸ்டர் புண்ணியத்தில் ஐந்து மாதம் முன்னதாகவே கிழவனானேன். வீட்டில் நவம்பரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஜூன் ஒன்றுக்குத்தான் கேக். இந்த வருடம் பேத்திக்குப் பெர்மிட் வந்தது. கற்றுக்கொடுக்கலாமென்று ஆசையாகக் காரில் ஏறி உட்கார்ந்தேன். அவள் சாவியைத் திருகாமல் என் பக்கம் கையை நீட்டினாள்.

"தாத்தா, லைசென்ஸ் ப்ளீஸ். அம்மா செக் பண்ணச் சொன்னா."