புட்டுவின் வயிற்றுத் தழும்பு

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை யார் மேல் விழுந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் ஒரு பாம்பின் மேல் விழுந்தேன்.

இருபத்தொரு வருடங்களாக ரொறன்ரோவில் அடுக்குமாடிக் கட்டடங்களைச் சூடாக்கும் ஹீற்றிங் வேலை பார்ப்பவன் நான். சனவரி மாதத்தில் முந்நூறு குடும்பங்கள் போர்வையை உதறிவிட்டுத் தூங்குவது என் கைவண்ணம். (என் சொந்த வீட்டில் பத்தொன்பது பாகைக்கு மேல் வைக்க விடமாட்டேன். குளிர்ந்தால் சுவெற்றர் போடலாம்.)

பாம்பு என் மகள் மாதுமையினுடையது. பெயர் புட்டு. நீளம் ஒரு மீற்றர். பாம்பென்றால் படையே நடுங்கும்போது நான் எம்மாத்திரம்? அது நகரின் கிழக்கு ஓரத்தில் ரூஜில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருடம் ஆறடி தள்ளியே நின்றேன்.

போன பங்குனியில் மாதுமை பல்கலைக்கழகப் பயணமாகப் பத்து நாள் வெளியூர் போனாள். போகுமுன் எனக்கு வகுப்பெடுத்தாள். கண்ணாடித் தொட்டியின் ஒரு மூலையில், அடியில் ஹீட் மேட் என்ற ஒரு சூடாக்கும் விரிப்பு ஒட்டியிருந்தது. அதைக் கட்டுப்படுத்த ஒரு சிறிய தேர்மோஸ்டாட். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் தொட்டிக்குள் போகிறது. உள்ளே எவ்வளவு சூடு என்று அளப்பது அந்த வயரின் நுனிதான்.

“அப்பா, இந்த நுனி எப்பவும் உள்ளுக்கை இருக்கோணும். சூடு கூடினாலும் புட்டு விலகிப் போகாது. அதுக்கு விளங்காது.”

“ஹீற்றிங்காரனுக்கே ஹீற்றிங் படிப்பிக்கிறியோ, பிள்ளை?” என்றேன். அந்த வசனத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அவள் இல்லாத அந்தச் சனிக்கிழமை மதியம், என் மகன் தானே பார்த்து முடிவுசெய்த பெண்ணின் பெற்றோர் பக்கத்து ஊரான விட்பியிலிருந்து முதன்முறையாக வந்தார்கள். எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை மரியாதையான குடும்பமாகத் தெரிவதுதான். மரியாதையான குடும்பம் வரவேற்பறையில் பாம்பு வைத்திருக்குமா? தொட்டியைக் கீழே பேஸ்மெண்டுக்கு மாற்றப் போகிறேன் என்றேன். மாதுமையிடம் ஒரு சொல் கேளுங்கள் என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

அரைக்கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போனேன். வழியில் வயர் படிக்கட்டில் மாட்டி, நுனி உருவி வெளியே வந்துவிட்டது. அதைக் கண்டேன். காணவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. உள்ளே வைக்க வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். புட்டு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. ஆட்கள் போன பிறகு பார்ப்போம் என்று நுனியைக் குளிர்ந்த சீமெந்துத் தரையிலேயே விட்டு, எல்லாவற்றையும் மின்சாரத்தில் செருகி, மேலே ஒரு போர்வையையும் போட்டு மறைத்துவிட்டு ஏறி வந்தேன்.

விருந்தினர் கோட்டைக் கழற்றவில்லை. “அண்ணை, வீடு கொஞ்சம் குளிருது போல,” என்றார் பெண்ணின் தாய். உடனே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெப்பம் அளக்கும் கருவியைக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஹீற்றர் நிற்காமல் எரியும் என்பதை உதாரணங்களோடு விளக்கினேன். ஒரு மாடி முழுவதையும் அப்படி வேகவைத்த மடையன் ஒருவனின் கதையையும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள்.

அப்போது மாதுமை அழைத்தாள். “அப்பா, புட்டு ஓகேதானே? வயர் உள்ளுக்கையோ?”

விருந்தினரின் நான்கு கண்கள் என்னைப் பார்த்தன.

“ஓம் ஓம், எல்லாம் சரி,” என்றேன்.

அவர்கள் போக மூன்று மணித்தியாலம் ஆனது. கீழே ஓடினேன். தொட்டியின் அடிக் கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை. புட்டு அதே மூலையில் சுருண்டு படுத்திருந்தது. மனைவிதான் மூடியைத் திறந்து தூக்கினாள். வயிற்றுச் செதில்கள் சிவந்து, கொப்புளம் போட்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது.

மிருக வைத்தியர், ஹீற்றிங்கை யார் பொருத்தியது என்று கேட்டார். என் ஜாக்கெட்டின் நெஞ்சில் “ஹீற்றிங் சேவை” என்று தைத்திருந்தது. அவர் அதை வாசித்துவிட்டு மருந்தை எழுதத் தொடங்கினார்.

மாதுமையை நானே அழைத்துச் சொன்னேன்.

“பிழை விட்டதுக்குக் கோவமில்லை அப்பா. நான் கேட்டனான். நீங்க ஓம் எண்டு சொன்னனீங்கள்.”

ஆறு கிழமை தினமும் இரண்டு வேளை அந்த வயிற்றில் மருந்து பூசியது நான்தான். முதல் நாள் புட்டுவைவிட நான்தான் அதிகம் நெளிந்தேன். பிறகு அது என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு அசையாமல் கிடக்கப் பழகிவிட்டது. சுட்டவன் நான் என்பது அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காயம் ஆறிவிட்டது, பெருவிரல் அளவில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், வந்தவர்களுக்குப் பாம்பு விசயம் முன்பே தெரியும். அவர்களுடைய மகள் புட்டுவைத் தோளில் போட்டு எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறாள். பெண்ணின் தாய் புட்டுவை நேரில் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்து, கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதற்கும் “ஓம் ஓம், எல்லாம் சரி” என்று சொல்ல முடியாது. அடுப்பை நிறுத்தியாயிற்றா, கதவைப் பூட்டியாயிற்றா, எதற்கு அப்படிச் சொன்னாலும், “வயர் உள்ளுக்கையோ?” என்று மருமகள் உட்பட எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள். எல்லோரும் சிரிப்போம், நானும் சிரிப்பேன். மாதுமையும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எழும்பிப் போய், ஒருதரம் தானே பார்த்துவிட்டு வருவாள்.