பாயிண்ட் ஜெயித்த விவரம்

பவானிபூர், கொல்கத்தா
விஜயதசமிக்கு மறுநாள்

ஸ்ரீ பத்மநாபன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ராஜலக்ஷ்மியைக் கைப்பிடித்தவனும், தங்கள் தகப்பனார் விட்டுப்போன மாரிஸ் காரைக் கைவிடாதவனுமாகிய ராகவேந்திரன் அநேக நமஸ்காரத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். மாம்பலத்தில் தாங்களும் மன்னியும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையிலாவது, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் தபால்.

தங்கள் உத்தரவு எனக்கு மறக்கவில்லை. "காலம் மாறிப்போச்சு மாப்பிள்ளை. இன்னும் அந்தப் பாயிண்டையே கட்டிண்டு அழாதேயும். அதுக்குப் பதிலா நான் அனுப்பற எலெக்ட்ரானிக் இக்னிஷனைப் போட்டு ஓட்டும். இல்லேன்னா அப்பா வண்டியை லாரியில ஏத்தி இங்கே அனுப்பிடும். என்னோடதைப் போட்டும் வழியில நின்னா, அப்புறம் நான் வாயே திறக்கலை" என்று போனில் கர்ஜித்தீர்கள். அந்த வண்டி போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். துறைமுக ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆன பிறகு தெருவில் யாராவது நின்று என்னோடு பேசுகிறார்கள் என்றால் அது அந்த வண்டிக்காகத்தான். ஆகவே, இன்ஜினுக்குப் பொறி கொடுத்து உழைத்த பாயிண்டை, மழையில் ஈரம் பூத்தாலும் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் உயிர் பெற்றுவிடுகிற அந்தச் சாதுவை, கழற்றி வைத்துவிட்டுத் தங்கள் எலெக்ட்ரானிக்கை மாட்டினேன். மனசே இல்லை. ஆனாலும் மாட்டினேன்.

நவமியன்று ஆயுத பூஜை. நம் வீட்டு வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், உப்புத்தாள், கழற்றி வைத்த பாயிண்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாகிவிட்டது. இனி தசமி காலை புனர்பூஜை ஆகும்வரை தொடக் கூடாது. வண்டிக்கும் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஒரே ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று கிளம்பினேன். பக்கத்துத் தெரு துர்கா பந்தலுக்கு நேர் எதிரில் தங்கள் எலெக்ட்ரானிக் ஒரு முனகல்கூட இல்லாமல் பிராணனை விட்டது. பாயிண்ட் என்றால் முன்னாலேயே இருமும், தும்மும், நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு போகும். இது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. மெக்கானிக் கடைகளோ பூஜைக்கு மூடிக் கிடக்கின்றன. வீட்டுக்கு ஓடி ஸ்க்ரூடிரைவரையும் பாயிண்டையும் கேட்டால், தங்கள் சகோதரி பூஜை அறை வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். "நாளைக்குக் கார்த்தாலே வரைக்கும் ஒண்ணையும் தொடப்படாது. உங்க காருக்கும் இன்னிக்கு லீவுன்னு நெனச்சுக்கோங்கோ!"

திரும்பி வந்தால் பந்தல் கமிட்டிச் செயலாளர் ஷாந்தனு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இழுத்துப்போகச் சொல்லுவார் என்று பயந்தேன். "ஜேட்டு, காடி ஏக்தொம் ஷொராபேன் நா!" என்கிறார், அதாவது பெரியப்பா, வண்டியைத் துளியும் நகர்த்தாதீர்கள் என்று. அவர்கள் பந்தலுக்கு இந்த வருஷக் கருத்து பழைய கல்கத்தாவாம். வாயைத் திறப்பதற்குள் வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, விளக்குப் போட்டு, பந்தலோடு சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் கூட்டமென்றால் அப்படிக் கூட்டம், செல்ஃபி எடுக்கிறேன் என்று யார் வண்டியைக் கீறுவார்களோ என்ற கவலையில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பரிசு நடுவர்கள் வந்தார்கள். அதில் ஓர் அம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "கீ ஷுந்தொர் மாட்டிர் காஜ்!" என்று மண் பொம்மை வேலையை மெச்சினாள். எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் மேளம் நின்றுபோயிற்று. ஆனால் பரிசு அந்தப் பந்தலுக்குத்தான். என் தும்மலையும் கருத்தில் சேர்த்துக்கொண்டார்களாம்.

தசமி காலை புனர்பூஜை முடிந்த கையோடு ஓடினேன். எலெக்ட்ரானிக்கைக் கழற்றிக் கடாசிவிட்டு நம் பாயிண்டை மாட்டி, ஸ்டார்ட்டரை ஓர் இழுப்பு இழுத்தேன். கிளம்பிவிட்டது! சிந்தூர் விளையாட வந்த பெண்கள் பானெட்டிலும் என் வழுக்கையிலும் குங்குமத்தை அப்ப, சங்கு முழக்கத்தோடு வீடு வந்து சேர்ந்தோம். இன்று காலை லேக் மார்க்கெட்டுக்குப் போய்வந்தோம். ஓர் இருமல் இல்லை, ஒரு தும்மல் இல்லை. பாயிண்ட் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஆகவே தாங்கள் கொடுத்த வாக்குப்படி வண்டி இங்கேயே இருக்கும். லாரி வேண்டாம். ஜனவரியில் பழைய கார் ஊர்வலத்துக்கு அவசியம் வாருங்கள். பானெட்டை மட்டும் திறக்கச் சொல்லாதீர்கள், அம்பாள் குங்குமம் ஒட்டியிருக்கிறது. மற்றொரு விஷயம். அந்த எலெக்ட்ரானிக் இன்னொன்று இருந்தால் அனுப்பிவையுங்கள். அது எப்படித்தான் பழுதாகிறது என்று ஆராய்ச்சி செய்து பார்க்க ஆசை, வேறொன்றுமில்லை.

மன்னிக்கு என் நமஸ்காரம். பேத்தி மேக்னா குட்டிக்கு, அவள் ஏறும் வண்டியெல்லாம் முதல் இழுப்பிலேயே கிளம்ப ஆசீர்வாதம்.

தங்கள் விதேயன்,
ராகவேந்திரன்

பின்குறிப்பு: அண்ணா, நான் ராஜி எழுதறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்தார், அதனால படிச்சேன். நவமியன்னிக்கு நடுத்தெருவுல நின்னது அவரோட பாயிண்ட்தான். நீ அனுப்பின பெட்டியை அவர் அதுவரைக்கும் பிரிக்கவேயில்லை. பூஜையில அந்தப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வெச்சதே நான்தானே, எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அவர் வந்து கேட்டது உப்புத்தாள். தசமியன்னிக்கு எடுத்துண்டு போய் மாட்டினது உன் எலெக்ட்ரானிக். இப்ப ஜம்முனு ஓடறதும் அதுதான். பாயிண்ட் அவர் அலமாரியில பழைய பனியன்ல சுத்திக் கிடக்கு.

இதை அவர்கிட்ட கேட்டுடாதே. "நீர் ஜெயிச்சுட்டீர் மாப்பிள்ளை"ன்னு ஒரு வரி எழுதிப் போடு. ஜனவரியில வந்தாலும் பானெட் பக்கமே போகாதே. உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா வீம்புக்கு மறுபடியும் அந்தப் பாயிண்டைத்தான் மாட்டுவார். இத்தனை வருஷமா மழைன்னா டாக்குரியா பாலத்து மேல அந்த வண்டியைப் பின்னாலேர்ந்து தள்ளினது யாருன்னு நெனச்சே?