மாமாவின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தேன்

மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மருமகனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஏதாவது உதவி செய்கிறேன் என்று எழுந்து வருகிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் எழுந்து வந்தவன்.

என் மாமனார் தேவசகாயம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். செவிலிமேட்டில் வீடு. அத்தை இறந்த பிறகு டவுனில் ஒரு டைப்பிங் சென்டரில் சேர்ந்து, பேத்தி வயதுப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, சென்டரில் பழகிய அதே எழுத்துருவை அதில் போடும்படி கடைக்காரரிடம் சொன்னார். தினமும் மதியம் ஒரு பக்கம் அடிப்பார். எல்லாம் அத்தையைப் பற்றித்தான். முசரவாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது அத்தை தண்ணீர்ச் சொம்பை மட்டும் நீட்டி, முகத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது வரைக்கும் எழுதியிருந்தார்.

"மறந்துடுமோன்னு பயமா இருக்குது மாப்ளே, அதான்" என்பார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு மாதம் முன்பு அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து போயிருந்தது. பேச்சு குழறினாலோ, எழுத்துப் படிக்க வரவில்லை என்றாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் கூட்டி வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் தாம்பரத்திலிருந்து வந்திருந்தோம். மாமா சர்ச்சுக்குப் போயிருந்தார். ஸ்டெல்லா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அது கண் விழிப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிட்டேன். (நான் மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரிவு. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று வீடியோக்கள் அளவுதான்.) அந்த வீடியோ ஒன்றில், பயன்படாத எழுத்துருக்களை நீக்கினால் வேகம் கூடும் என்றிருந்தது. எழுத்துரு ஃபோல்டரைத் திறந்தால் அரபி, சீனம், பூப்போட்டது, எலும்புக்கூடு போட்டது என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. மாமா என்ன சீனாவுக்கா கடிதம் போடப்போகிறார்? எனக்குப் பெயர் தெரியாத எழுத்துரு எதுவும் மாமாவுக்கும் தேவைப்படாது என்று முடிவு செய்தேன். நிச்சயமாக நீக்கவா, நீக்கவா என்று பாவம் அந்த இயந்திரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் ஆமாம், ஆமாம் என்று அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"மாமா, இனிமே உங்க கம்ப்யூட்டர் பறக்கும்" என்றேன் சாப்பிடும்போது. அவர் சந்தோஷப்பட்டு, மீன் தலையை என் தட்டில் வைத்தார். நான் போய்ப் படுத்தேன்.

ஸ்டெல்லா உலுக்கி எழுப்பினாள். "என்னங்க, அப்பா அழுதுக்கினு இருக்காரு."

மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.

"எழுத்து போயிடுச்சிமா" என்றார் மகளிடம். "கண்ணு நல்லாத் தெரியுது. எழுத்துதான் தெரியல. தமிழே தெரியல."

எனக்குத் தூக்கம் கலையவில்லை, மூளையும் விழிக்கவில்லை. ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, அ, ஆ, இ, ஈ என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது எழுத்தில் நின்றுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

"பயப்படாதீங்க மாமா, நான் இருக்கேன்ல" என்றேன். (பிரச்சினையே அதுதான் என்று அப்போது தெரியாது.)

ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக ஒன்றுமில்லை. இளம் டாக்டரம்மா ஒரு செய்தித்தாளை நீட்டினார். மாமா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். அதைத் திறந்து பார்க்க அவருக்குத் தைரியம் வர நேரமாயிற்று. பிறகு, ஏரிக்கரையில் லாரி கவிழ்ந்த செய்தியைத் தடங்கலில்லாமல் படித்தார். நிறுத்தாமல் கீழேயிருந்த மணமகள் தேவை விளம்பரத்தையும் படித்தார். ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நல்லாத்தானே படிக்கிறீங்க ஐயா! எது படிக்க வரல?"

"கம்ப்யூட்டர்ல நான் எழுதி வெச்சதும்மா. எல்லாம் எம்மு, டீ, எஸ்ஸுன்னு தாறுமாறா நிக்குது."

டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். "அந்தக் கம்ப்யூட்டர்ல இன்னிக்கு யாராவது கை வெச்சீங்களா?"

ஸ்டெல்லா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். மிகச் சுத்தமான தரை.

அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அதில் அடித்த தமிழெல்லாம் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியுமாம். மறுநாள் லீவு போட்டுவிட்டு டைப்பிங் சென்டருக்குப் போய், அந்த எழுத்துருவைப் பென் டிரைவில் வாங்கி வந்து போட்டேன். mts; என்று நின்றுகொண்டிருந்த முதல் வார்த்தை 'அவள்' என்று மாறியது. ஓடிப்போய் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் அறை வாசலோடு நின்றுவிட்டார்.

"வந்துடுச்சி மாமா, ஒரு எழுத்துகூட போகல."

"சந்தோஷம் மாப்ளே." வாசலிலிருந்தே திரையைப் பார்த்தார். "ஆனா நேத்து ஒரு ரெண்டு மணி நேரம், அவ ரெண்டாந்தபா போயிட்டா."

என்னை அவர் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம். அதன்பின் அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நோட்டு வாங்கி, தளர்ந்த கையால் எழுதினார். ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் ஆயிற்று.

ஆனால் கேலியை மட்டும் விடவில்லை. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போய் பஸ் போர்டு தெரியவில்லை என்றால், "மாப்ளே சுத்தம் பண்ணிட்டாருபா" என்பார். மருந்துச் சீட்டு புரியவில்லை என்றாலும் அதே. குடும்பம் முழுக்க அது பரவிவிட்டது.

அடுத்த வருடம் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. இந்த முறை நிஜமாகவே வந்தது. ஸ்டெல்லா அவருடைய நோட்டையே பிரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னைத் தேடினார்.

"மாப்ளே," வாய் ஒரு பக்கமாக இழுத்தது, "இதையும் சுத்தம் பண்ணிட்டீங்களா?"

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அழுகையோடு சிரித்துவிட்டார்கள்.

"ஆமா மாமா, நான்தான்" என்றேன். "நாளைக்குச் சரி பண்ணிடறேன்."

அவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது எதையாவது படிக்க வரவில்லை என்றால் என் பெயரைத்தான் சொல்கிறார்கள். நானும் ஆமாம், நான்தான் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.